ஆந்தையின் கண்ணில் மூன்று பேர்

அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே நாங்கள் அந்தக் கால்வாய்க் கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். நகரின் மேற்குக் கோடியில், துவாஸ் போகிற வழியில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருக்கும் இடம் அது. ஒரு பக்கம் கம்பி வேலி. மறு பக்கம் பழுப்பு நிறத் தண்ணீர். நடுவில் ஒரு பழைய பெஞ்சு.

என் கணவர் டெஸ்மண்ட் வார நாட்களில் தஞ்சோங் பகார் அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்திருப்பவர். சனிக்கிழமை வந்தால் முழங்கை நீள லென்ஸைத் தோளில் தூக்கிக்கொண்டு நீர்நாய், உடும்பு, பறவை என்று போய்விடுவார். அன்று என்னையும் கூட்டிப் போயிருந்தார். எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் கவட்டில் வளர்ந்திருந்த பெரணிக்குள் மீன் ஆந்தை குஞ்சு பொரித்திருந்தது. குஞ்சு கூட்டைவிட்டு முதன்முதலாகக் கிளைக்குத் தாவும் அந்த ஒரு நொடிக்காக ஐந்து வாரமாகக் காத்திருந்தார்.

"எனக்காக நீங்க அஞ்சு வாரமெல்லாம் காத்திருந்த மாதிரி ஞாபகம் இல்லையே" என்றேன்.

"நீ மூணாவது நாளே சரின்னு சொல்லிட்ட லா. நான் என்ன பண்றது?"

சத்தமாகச் சிரித்தோம். கரையில் கொஞ்ச தூரம் தள்ளி யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இயந்திரச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. வெட்டிய புல்லின் பச்சை வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து வந்தன. வெயில் ஏறிக்கொண்டே போயிற்று.

விலங்குகளைப் படம் எடுப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பறவை அசையத் தொடங்கிவிட்டால் மனிதர் அசையக் கூடாது. பின்னால் யாராவது வந்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஒரு கையை மட்டும் தோளுக்கு மேல் உயர்த்தி உள்ளங்கையைப் பின்பக்கம் காட்டுவார்கள். 'அங்கேயே நில்லுங்கள்' என்று அர்த்தம். படம் எடுக்கிற எல்லோருக்கும் அது தெரியும்.

மற்றவர்களுக்குத் தெரியாது.

ஒன்பது மணி இருக்கும். குஞ்சு பெரணியின் விளிம்புக்கு வந்து நின்றது. இயந்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. எங்களுக்குப் பின்னால் புல்லில் காலடி கேட்டது. இழுத்து இழுத்து நடக்கும் காலடி.

"அண்ணே..."

காய்ந்த குரல். டெஸ்மண்ட் திரும்பவில்லை. கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினார்.

"அண்ணே, கொஞ்சம்..."

கையை இன்னும் உயர்த்தி, இரண்டு தரம் அழுத்தி ஆட்டினார். நானும் திரும்பவில்லை. ஐஸ் தண்ணீர் பாட்டில் என் மடியில் இருந்தது. அதன் ஈரம் பாவாடையில் ஊறிக் குளிர்ந்தது. ஒரு கணம் திரும்பலாமா என்று நினைத்தேன். அப்போது குஞ்சு சிறகை விரித்தது.

தாவியது. கேமரா படபடவென்று அடித்தது.

நாங்கள் திரும்பிப் பார்த்தபோது யாருமில்லை.

"யாரோ கூப்பிட்டாங்களே?" என்றேன்.

"வழி கேக்க வந்திருப்பாங்க. போயிட்டாங்க போல."

ரேஸ் கோர்ஸ் ரோட்டில் எங்கள் வீடு பத்தாவது மாடியில். மத்தியானம் படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தோம். கண் கூர்மையாக விழுந்திருக்கிறதா என்பதைத்தான் டெஸ்மண்ட் முதலில் பார்ப்பார். குஞ்சின் மஞ்சள் கண்ணைப் பெரிதாக்கினார். கறுத்த கண்மணிக்குள் வெள்ளை வானமும் பெஞ்சும் எள்ளளவாகத் தெரிந்தன. பெஞ்சில் இரண்டு பேர். அவர்களுக்குக் கொஞ்ச தூரம் பின்னால் ஒருவர் நின்றிருந்தார்.

"பாத்தியா, நல்ல லென்ஸ்!" என்று சிரித்தார் அவர்.

அன்று சாயங்காலம் அவர் எட்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். வெயிலில் இருந்ததால் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போனோம். கரையோரம் இருந்த சின்னப் பாலத்தடியில் வேலிக் கம்பியில் ஒரு சாமந்தி மாலை தொங்கியது. ஒளிரும் பச்சைச் சட்டை போட்ட ஒருவர் கீழே உதிர்ந்த பூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பெயர் நசீர் என்றார். அறந்தாங்கிப் பக்கம்.

"எங்க கூட வேலை பாத்தவரு, அக்கா. அசோக். போன சனிக்கிழமை இங்கதான் விழுந்துட்டாரு. தண்ணி பாட்டில லாரியில விட்டுட்டாரு, லாரி கிளம்பிருச்சு. எங்கிட்டயும் சொட்டு இல்ல."

கையிலிருந்த பூவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"'அந்தாண்ட யாரோ நம்ம ஆளுங்க தமிழ்ல பேசிச் சிரிக்கிறாங்க, அவங்ககிட்ட வாங்கிக்கிறேன்'னு போனாரு. கொஞ்சம் கழிச்சுப் பாத்தா இங்க கெடக்காரு, உசுரு இல்ல. கேட்டாரா, கேக்கலையான்னே தெரியல. நீங்க அன்னிக்கு வந்திருந்தீங்களாண்ணே?"

டெஸ்மண்ட் கேமராவின் வாரை இழுத்துத் தோளில் சரிசெய்தார்.

"இல்ல" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் பையில் தண்ணீர் பாட்டில் கனத்தது.

அதற்குப் பிறகு அவர் எந்த விலங்கைப் படம் எடுத்தாலும் அந்த உருவம் இருந்தது.

காலாங் ஆற்று நீர்நாயின் கண்ணில் பத்தடி பின்னால். உடும்பின் கண்ணில் ஐந்தடி. கொக்கின் கண்ணில் அவர் தோளுக்கு மேல். படம் எடுத்தவுடன் திரும்பிப் பார்ப்பார். நடைபாதை வெறுமையாக இருக்கும். வெட்டிய புல் வாசனை மட்டும் நிற்கும்.

தாகமும் கூடவே வளர்ந்தது. பாட்டில் பாட்டிலாகக் குடித்தார். உதடுகள் வெடித்துத் தோல் உரிந்தன. நாக்கு வெளுத்தது. மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இல்லை, சிறுநீரகத்தில் குறை இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். ஏழு கிலோ குறைந்திருந்தார். இப்படியே போனால் இன்னும் எத்தனை வாரம் தாங்குவார் என்று நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன்.

"குடிக்கிறேன், ரெனீ. ஆனா தொண்டையில இறங்கவே மாட்டேங்குது" என்றார். அழக்கூடக் கண்ணில் ஈரமில்லை.

மாதா கோயிலில் அசோக்கின் பெயரைச் சொல்லிப் பூசை வைத்தேன். ஆண்டவர் கேட்பார் என்று நம்பினேன். ஆனால் கேட்கப்பட்டது ஒரு வாய்த் தண்ணீர். அதை யாரிடம் கேட்டாரோ அவர்கள்தான் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதே பெஞ்சில் உட்கார்ந்தோம். பாட்டிலைத் திறந்து எங்களுக்குப் பின்னால் புல்மேல் வைத்தேன்.

"தம்பி அசோக்" என்றேன். "நாங்க திரும்பிப் பாக்கல. தப்புதான். தண்ணி வச்சிருக்கேன், குடிங்க."

மரத்தில் இலை அசையவில்லை. கால்வாயில் சேற்று வாசனை. பிறகு அதை மூடிக்கொண்டு புல் வாசனை எழுந்தது. அன்று அங்கே யாரும் புல் வெட்டவில்லை.

காலடி கேட்டது.

இழுத்து இழுத்து, எங்களை நோக்கி.

நின்றது.

"வாங்க தம்பி" என்றார் டெஸ்மண்ட், திரும்பாமலே. "எடுத்துக்குங்க. உங்களுக்குத்தான்."

என் பிடரியில் காய்ந்த மூச்சு பட்டது. எதிர்க் கிளையில் ஆந்தைக் குஞ்சு உட்கார்ந்திருந்தது. அது எங்களைப் பார்க்கவில்லை. எங்கள் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

டெஸ்மண்ட் மெல்லக் கேமராவைத் தூக்கினார்.

"வேணாங்க" என்று கிசுகிசுத்தேன்.

"பாக்கணும், ரெனீ. குடிக்கிறாரான்னு பாக்கணும்."

ஒரே ஒரு படம். உடனே இருவரும் திரும்பினோம்.

யாருமில்லை. பாட்டிலில் தண்ணீர் விளிம்பு வரை அப்படியே இருந்தது.

கேமராவின் சின்னத் திரையில் டெஸ்மண்ட் குஞ்சின் கண்ணைப் பெரிதாக்கினார். பெஞ்சில் நாங்கள் இருவர். எங்களை ஒட்டி, எங்கள் மேல் கவிந்தாற்போல, அந்த உருவம். முகம் தெரியவில்லை. கை மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அந்தக் கை உயர்ந்திருந்தது. உள்ளங்கையை எங்கள் பக்கம் காட்டியபடி.

அங்கேயே நில்லுங்கள்.

டெஸ்மண்ட் பதினோரு நாள் கழித்து இறந்தார். கடைசியில் ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தேன். பஞ்சுதான் காய்ந்துபோயிற்று.

அடக்கம் முடிந்த பிறகு நசீரைத் தேடிப் போனேன். நாங்கள் அன்று வந்திருந்ததையும், அசோக் கேட்டதையும், நாங்கள் கை காட்டியதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் பாலத்தின் நிழலைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, அண்ணாந்து முழுவதையும் குடித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"வெயில்ல நிக்காதீங்கக்கா. போங்க" என்றார்.

அந்த இரக்கத்தை மறக்க மாட்டேன். இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் புல் வெட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறேன். எல்லோரும் வாங்கிக் குடிக்கிறார்கள். சிரிக்கிறார்கள். "தேங்ஸ்க்கா" என்கிறார்கள். யார் கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பார்க்கிறேன். இதைப் படிக்கிற நீங்களும் திரும்பிப் பாருங்கள். அதற்கு ஒரு நொடிதான் ஆகும்.

டெஸ்மண்ட் கை காட்டினார். அவர் போய்விட்டார். பாட்டில் என் மடியில்தான் இருந்தது.

பத்தாவது மாடி ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் அறை முழுக்க வெட்டிய புல் வாசனை.

மேசையில் இருக்கும் இந்த டம்ளர் ஆறாவது. தொண்டை இன்னும் நனையவில்லை.