காலியாக விட்ட இடம்

“மைதானம் வேணும். ஒரே ஒரு மணி நேரம். இந்த வாரத்துக்குள்ள!”

கேட்டேவிட்டாள் யெசேனியா.

ஆகஸ்டில் இந்தப் பள்ளிக்கூடத்தில் துணை பேண்ட் மாஸ்டராகச் சேர்ந்த அன்றே, தலைமை மாஸ்டர் குவஹார்தோ அவளை உட்காரவைத்துச் சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்றுதான். “மகளே, பூசை நடுவுல போய் பாதிரியாரோட நாற்காலியைக் கேளு, எழுந்து கொடுத்துடுவார். கோச் டர்லியோட ஃபுட்பால் மைதானத்தை மட்டும் யார்கிட்டயும் கேட்டுடாதே.”

இரண்டரை மாதம் கேட்கவில்லை. அறுபத்திரண்டு பிள்ளைகள் டெக்சஸ் வெயிலில், கார் நிறுத்தும் இடத்தில், செருப்பு ஒட்டுகிற தாரின் மேல் அணிவகுத்தார்கள். மைதானத்தின் புல்லோ வேலிக்குள் ராணி மாதிரி தூங்கியது. வருகிற சனிக்கிழமை அணிவகுப்பு பேண்ட் போட்டி. இனியும் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது?

மண்டியிட்டுக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தவன் மெல்லத் திரும்பினான்.

மழைக்கு முன் வானம் கறுக்குமே... அந்தக் கறுப்பில் இரண்டு கண்கள். சண்டைக்கு வந்தவளுக்குக் கண்ணெல்லாம் எதற்குத் தெரிய வேண்டும்? தெரிந்து தொலைத்தது.

“மிஸ்... முதல்ல காலை எடுங்க.”

“என்னது?”

“காலு! நாப்பதாவது கஜக் கோட்டு மேல நிக்கிறீங்க. பெயிண்ட் இன்னும் காயல.”

குனிந்து பார்த்தாள். கறுப்பு ஷூவின் விளிம்பெல்லாம் வெள்ளை. அவசரமாகப் பின்வாங்கினாள்.

“ஐயோ, இப்ப அடுத்த காலையும் வெச்சாச்சு!” அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். “மைதானம் என்னுது இல்ல மிஸ். நான் கோடு போடறவன், புல்லு வெட்டறவன். கோச்சைக் கேளுங்க.”

“கோச்சைக் கேக்கக் கூடாதாம்.”

“அதனால என்னையா?”

“உங்களைக் கேக்கக் கூடாதுன்னு பேர் போட்டு யாரும் சொல்லலையே!”

அவன் சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது... அடக்கிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து அவள் மூக்கின் மேல் ஒரு துளி. பிறகு ஒன்பது. பிறகு வானம் மொத்தமும்.

அவன் கோடு போடும் இயந்திரத்தை மூட ஓடினான். பயனில்லை. நாற்பதாவது கஜக் கோடு பால் மாதிரி கரைந்து புல்லுக்குள் ஓடியது. இருவரும் பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில் ஒதுங்கினார்கள். அவன் இமையில் ஒரு துளி விழவா வேண்டாமா என்று நின்றது...

“மூணு மணி நேர வேலை. போச்சு,” என்றான்.

“கோடுதானே? அதுக்கென்ன பெரிய படிப்பா வேணும்! திரும்பப் போட்டுக்கோங்க.”

சொன்ன பிறகுதான் தன் காதிலேயே விழுந்தது.

அவன் சிரிப்பு அணைந்தது. “வேணாம் மிஸ். படிப்பு வேணாம். அதனாலதான் எனக்கு இந்த வேலை கிடைச்சுது.”

மழைக்குள் இறங்கி நடந்தான்.

முன்பு பழத் தொழிற்சாலையில் ஒரு மேஸ்திரி அவள் அப்பாவிடம் இதே வாக்கியத்தைச் சொன்னான். பெட்டியில பழம் அடுக்க படிப்பா வேணும்? பத்து வயதில் பக்கத்தில் நின்று கேட்டவள் அவள். அந்த வெறியில்தான் படித்தாள். குடும்பத்திலேயே முதல் பட்டம். கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. பட்டம் வாங்கி ஐந்தே மாதத்தில் மேஸ்திரி வாக்கியம் அவள் வாயிலிருந்து வருகிறது. த்தூ!

கூப்பிட வாயெடுத்தவள் அவன் கால்களைப் பார்த்தாள். இடது காலில் கிளம்பினான். குதிகால் முதலில், விரல் பிறகு... தோள் துளியும் அசையவில்லை. ஐந்து கஜத்துக்கு எண்ணிப் பார்த்தாள். எட்டுக் காலடி. ஏழரை இல்லை, எட்டேகால் இல்லை. பேண்டில் பழக்கும் அதே கணக்கு.

“ஏய்! நில்லுங்க! எந்த வாத்தியம்?”

நின்றான். இரண்டு பாதமும் ஒரே தாளத்தில் சேர்ந்து நின்றன. பேண்டில் நடந்தவனைத் தவிர உலகத்தில் யாரும் அப்படி நிற்க மாட்டார்கள்.

“டியூபா,” என்றான் திரும்பாமல். “யார் சொன்னா?”

“உங்க கால்.”

போய்விட்டான்.

அன்று மாலை பயிற்சியில், பேண்டை நடத்தும் பன்னிரண்டாம் வகுப்பு நயேலி அவளை மேலும் கீழும் பார்த்தாள். “மிஸ், ஷூ என்ன புது டிசைனா? மைதானத்துப் பெயிண்ட் மாதிரி இருக்கே...”

“வாயை மூடிட்டு மெட்ரோனோம்ல தாளத்தைப் போடு.”

“கன்னமும் சிவப்பா இருக்கு மிஸ். அது எந்தப் பெயிண்ட்?”

மறுநாள் காலை ஏழு மணிக்கு மைதானத்து வாசலில் போய் நின்றாள். கையில் ஒரு பொட்டலம்.

“எனக்கு மன்னிப்புக் கேக்க வராது,” என்றாள். “முட்டை டாகோ இருக்கு. நாலு.”

அவன் பொட்டலத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். “பச்சை மிளகாய்ச் சட்னி?”

“இருக்கு.”

“அப்ப மன்னிப்பும் இருக்கு. உக்காருங்க.”

பெயர் எலியாசர். இதே பள்ளிக்கூடம்தான். அவன் பதினோராம் வகுப்பில் இருந்தபோது அப்பா கட்டடத்திலிருந்து விழுந்து முதுகு உடைந்தது. அக்டோபரில் படிப்பை நிறுத்தினான், வேலைக்குப் போனான்.

“அக்டோபர்னா... போட்டிக்கு முன்னாலயா? உங்க இடத்தை என்ன செஞ்சாங்க?”

பேண்டில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் ஆள் வரவில்லை என்றால் அவன் இடத்தை மூட மாட்டார்கள். பக்கத்து ஆள் அரைக் காலடி கூட நகரக் கூடாது. அந்தக் காலி இடமும் வரிசையோடு சேர்ந்து நடக்கும், திரும்பும், நிற்கும்.

“மூடல,” என்றான். “வேலை விட்டு வந்து வேலிக்கு வெளிய நின்னு பார்த்தேன் மிஸ். மூணு வாரம். டியூபா வரிசையில என் இடம் மட்டும் காலியா நடந்து போகுது. நான் இல்லாமலே நான் சரியாத் திரும்பினேன்... ஒரு தப்பு கூடப் பண்ணல.” சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

யெசேனியா டாகோவைக் கீழே வைத்தாள். கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பிடிக்கவில்லை. அவள் படித்த பாழாய்ப்போன படிப்பில் இதற்கு ஒரு பாடமும் இல்லை.

“அப்புறம் ஒரு நாள் மூடிட்டாங்களா?”

“போட்டிக்கு முந்தின நாள் வேற பையனை நிறுத்தினாங்க. நான் வேலிப் பக்கம் போறதை விட்டுட்டேன்.” இன்னொரு டாகோவைப் பிரித்தான். “அதை விடுங்க. மைதானம் எதுக்கு? கார் நிக்கிற இடத்துலதான் கோடு இருக்கே?”

“அது பள்ளிக்கூடத்துக் கோடு! சனிக்கிழமை போட்டி கல்லூரி மைதானத்துல.”

அவனுக்கு மேலே விளக்க வேண்டியிருக்கவில்லை, விசிலடித்தான். மைதானத்தின் நடுவில் நீளவாக்கில் ஓடும் இரண்டு வரிசைக் குறுங்கோடுகள்தான் எங்கே நிற்பது என்று காட்டும் கண் பிள்ளைகளுக்கு. பள்ளி மைதானத்தில் அவை ஓரத்திலிருந்து இருபத்தெட்டுக் காலடி. கல்லூரியில் முப்பத்திரண்டு.

“போன வருஷம் பாதிப் பேர் பழகின கணக்கை நம்பி நின்னாங்க, மீதிப் பேர் அங்க இருந்த கோட்டை நம்பி நின்னாங்க,” என்றாள். “நயேலி மேல ஒரு டிராம்போன் பையன் வந்து மோதி, கூட்டமே சிரிச்சுதாம். ஆறு மாசம் உழைச்ச பிள்ளைங்களைப் பார்த்து சிரிச்சாங்க எலியாசர்! நாலே காலடிக்காக. அந்த நாலு காலடியை என் பிள்ளைங்க ஒரு தடவை புல்லுல நடந்து பார்க்கணும். அவ்வளவுதான் கேக்கறேன்.”

அவன் டாகோ சுற்றிய காகிதத்தை நான்காக மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

வியாழன் காலை. வேலிக்கு வெளியே யெசேனியா அசையாமல் நின்றாள்.

பச்சைப் புல்லில் சின்னச் சின்ன நீலப் புள்ளிகள். முப்பத்திரண்டாவது காலடியில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. நூலடித்த மாதிரி. வாசல் பூட்டு திறந்து தொங்கியது.

மதியச் சாப்பாட்டின்போது நயேலியைக் கூப்பிட்டாள். “சரியா நாலு மணி. எல்லாரும் வாத்தியத்தோட மைதானத்துல.”

“மைதானத்துலயா? மிஸ், கோச் உங்களைக் கொன்னுடுவார்.”

“நாலு மணிக்குன்னு சொன்னேன்.”

மூன்றே முக்காலுக்கு அவளை பேண்ட் அறைக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. கோச் டர்லி நாற்காலி கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார். குவஹார்தோ சன்னலோரம் கைகளைப் பிசைந்தார். எலியாசர் தொப்பியைக் கையில் பிடித்து நின்றான்.

“நாளைக்கு ஆட்டம்,” என்றார் கோச். “என் மைதானத்துக்கு அம்மை போட்டு வெச்சிருக்கான் இந்த ஆளு!”

“வெறும் சுண்ணப்பொடிதான் கோச். குழாயைப் பிடிச்சா பத்து நிமிஷத்துல போயிடும்,” என்றான் எலியாசர். “மிஸ் எதுவும் கேக்கல. நானாத்தான் போட்டேன்.”

பொய்! எவ்வளவு சரளமாகச் சொல்கிறான்... அவள் முகத்தைப் பார்க்காமல்.

கோச் ஒரு தாளை நகர்த்தினார். “உனக்குத் தெரியாதுன்னு கையெழுத்துப் போடும்மா. அவன் போவான், நீ இருப்பே.”

“போட்டுடு மகளே,” குவஹார்தோவின் குரல் கெஞ்சியது. “உன் ஒப்பந்தமே டிசம்பர் வரைக்கும்தான். முதல் வேலை... அப்பா எவ்வளவு சந்தோஷப்பட்டாரு.”

அப்பா. பழப்பெட்டி. மேஸ்திரி. சுவரில் தொங்கும் பட்டம்.

பேனாவை எடுத்தாள். தாளில் ‘தெரியாது’ என்ற சொல்லை அடித்தாள். ‘நான்தான் கேட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“திங்கட்கிழமையே கேட்டேன் கோச். கத்திக் கேட்டேன். வேணும்னா ஷூவைக் காட்டறேன்.”

“மிஸ், வேணாம்...” என்றான் எலியாசர்.

கோச்சின் முகம் சிவந்தது. “புல்லு வெட்டறவனுக்காக வேலையை விடறியா? அவன் உனக்கு யாரு?”

வெளியே ஒரு முரசு சோதித்துப் பார்ப்பது கேட்டது. டக்... டக்...

அவள் எலியாசரைப் பார்த்தாள். அந்தக் கண்கள். மழை வரவா வேண்டாமா என்று...

“என் பக்கத்துல ஒரு இடம் காலியா இருக்கு,” என்றாள் அவனிடம். குரல் நடுங்கியது, நடுங்கட்டும். “திங்கட்கிழமைல இருந்து. யாரையும் நிறுத்தல. நீங்க வர்ற வரைக்கும் மூடவும் மாட்டேன். போட்டிக்கு முந்தின நாள் வந்தாலும் சரி... மூட மாட்டேன்.”

தொப்பி அவன் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு.

“மிஸ்... நான் பதினோராவது கூட...”

“தெரியும். என் பேரு யெசேனியா.”

சுவர்க் கடிகாரம் மூன்று ஐம்பத்தெட்டு. கன்னத்தைப் புறங்கையால் துடைத்தாள். கழுத்து விசிலைச் சரிசெய்தாள்.

“எங்க போறே?” என்றார் கோச்.

“நாலு மணிக்குப் பயிற்சி.”

இடது காலில் கிளம்பினாள். நீளமான தாழ்வாரம். நடுவில் நடக்கவில்லை. இடப்புறச் சுவரை ஒட்டி, வலது பக்கம் சரியாக ஓர் ஆள் அகலம் விட்டு, திரும்பிப் பார்க்காமல், எட்டு எட்டாக எண்ணிக்கொண்டு நடந்தாள்.