சனிக்கிழமைக் காகங்கள்

"திங்கட்கிழமை நகரசபை கூடுது, அக்கா. என்னைப் பொய்க்காரி எண்டு முடிவுகட்டிப்போட்டுக் காட்டை வெட்டப் போறாங்கள்."

தக்ஷினி கொண்டுவந்த பெட்டி, துப்பறியும் சிவாஜினியின் செயின்ட்-மிஷேல் அலுவலக மேசையில் ஒன்றும் அறியாததுபோல் இருந்தது. லொங்குய்ய் நகரக் காட்டு மரத்தில் பூட்டி வைத்திருந்த செயற்கை நுண்ணறிவுப் பெட்டி அது. பறவைக் குரலைக் கேட்டு, இணையம் இல்லாமலே தனக்குள் இனம்பிரித்து, பெயரையும் நேரத்தையும் மட்டும் குறித்துக்கொள்ளும். அங்கே அரிய குட்டி ஆந்தை வாழ்கிறது, காட்டை வெட்டக்கூடாது என்று சபையில் அடித்துச் சொன்னவள் தக்ஷினி. ஆள் நடமாடினால் ஆந்தை வாய் திறக்காதென்று ஒரு மாதம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. பெட்டியிலோ ஓர் ஆந்தைகூட இல்லை.

சிவாஜினி பெட்டியின் குறிப்புகளை நிதானமாகப் பார்த்தாள். அவளுடைய உதவியாளன், மட்டக்களப்பு றொபின்சனுக்கோ பெட்டியின் சாவி வைத்திருந்த அன்டன், தியாகலிங்கம் இருவர்மீதும் கண். அன்றைக்கே இருவரையும் அழைத்திருந்தார்கள். றொபின்சன் மீன் பற்றிஸ் பலகாரத் தட்டை நீட்டினான். கழுத்தில் சிலுவை ஆட, அன்டன் இரண்டு எடுத்தான்.

"எனக்கு வேண்டாம் தம்பி. புரட்டாதிச் சனி," என்றார் தியாகலிங்கம்.

"அன்டன் அவசர அவசரமா விழுங்கிறான். ஆள் இவன்தான்," றொபின்சன் காதுக்குள் சொன்னான்.

"அது பசி. பொறும்." சிவாஜினி குரலை உயர்த்தினாள். "மற்ற நாளில ஒண்டு ரெண்டு காகம். சனி மத்தியானத்தில மட்டும் கூட்டமாக் கத்துது. காட்டுக் காகத்துக்குக் கிழமை தெரியுமோ, றொபின்சன்?"

"எனக்கே சிலவேளை தெரியாது."

"நீர் சேர்ச்சுக்குப் போற வேதக்காரர். அன்டனும் அப்பிடித்தான். சனி விரதக்காரர் காகத்துக்குச் சோறு வைச்சிட்டுத்தான் சாப்பிடுவினம். பெட்டி காட்டில இருக்கேல்லை. சோறு வைக்கிற பல்கனியில இருந்தது. நிப்பாட்டினால் களவு தெரிஞ்சிடும் எண்டு ஓட விட்டிருக்கு. என்ன, தியாகலிங்கம் அண்ணை?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காட்டை வெட்டிக் கட்டப்போற வீட்டில ஒண்டு என்ர மகளுக்கு. அவளை விட ஆந்தை பெரிசோ, தங்கச்சி?"

"திங்கட்கிழமை வந்து உள்ளதைச் சொல்லுங்கோ."

"சொல்லுறன். ஆனால் அதால ஆந்தை இருக்கு எண்டு ஆகுமோ? பெட்டிக்கு ஒண்டும் கேக்கேல்லையே."

தக்ஷினி பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஆந்தை இல்லை எண்டு நினைச்சிருந்தால், இதை மரத்திலயே விட்டிருப்பியள், அண்ணை."