வந்துருச்சா, செல்வி?

மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அன்புசெல்வி டி.வி.யைப் போட்டாள். படம் கட்டம் கட்டமாக உடைந்து, நெளிந்து, அப்படியே நின்றது. பாடிக்கொண்டிருந்தவளின் குரல் மட்டும் ஒரே எழுத்தில் சிக்கி, பழந்துணி கிழிகிற மாதிரி இழுத்து, பிறகு அதுவும் அடங்கியது. நீலத் திரையில் 'சிக்னல் இல்லை' என்று வந்தது.

அவளும் புருஷன் டேனியலும் முதலிபாளையத்தில் அந்த ஒற்றை வீட்டுக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முன்னால் மண்பாதை, பின்னால் நிட்டிங் கம்பெனிச் சுவர். கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது. வாரம் முழுக்க மெஷின் இரைச்சலில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது. ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நின்றுவிடும். அந்த அமைதி அவளுக்கு இன்னும் பழகவில்லை. அதிலும் அன்று காலையில், வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி காவலுக்கு விட்டிருந்த நாய், மொட்டை மாடிப் படியில் தொண்டை கிழிந்து செத்துக் கிடந்தது. தெருநாய்கள் குதறியிருக்கும் என்று சொல்லி டேனியல் அதை வேலியோரம் புதைத்தான். குழியில் இறக்கும்போது அவள் பார்த்தாள். பல் பட்ட தடம் ஒன்றுகூட இல்லை. இரண்டு கையால் பிடித்துப் பிய்த்த மாதிரி இருந்தது. அதை அவள் அவனிடம் சொல்லவில்லை.

டேனியல் செட்டாப் பாக்ஸை அணைத்துப் போட்டான். கார்டை உருவி, லுங்கி நுனியில் துடைத்துச் செருகினான். பின்னால் ஒயரின் திருகை இறுக்கினான். ஒன்றும் நடக்கவில்லை. ரிமோட்டில் சிக்னல் காட்டும் பக்கத்தைத் திறந்தால் எறும்பு நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. சிக்னல் ஏற ஏற அது நீண்டு பச்சையாக வேண்டும்.

"காத்துல டிஷ் திரும்பியிருக்கும். நான் மேல போய்த் திருப்பறேன், நீ கோட்டைப் பாத்துச் சொல்லு புள்ள."

இருட்டுவதற்குள் வந்துவிடச் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளிப்படியில் ஏறினான். அவன் போன் சார்ஜில் கிடந்தது. ஜன்னல் திறந்திருந்ததால் கத்தினாலே கேட்கும்.

வெறுங்கால் தலைக்கு மேல் நடந்தது. ஈரத் தளத்தில் சளக், சளக். இரும்பு இரும்பில் உரசியது.

"செல்வி, வந்துருச்சா?"

"இல்லீங்க."

டிஷ்ஷின் கம்பியை யாரோ முறுக்கி வைத்திருக்கிறார்கள் என்று மேலிருந்து கத்தினான். குடிகாரன் எவனோ ஏறியிருக்கிறான் என்று திட்டியபடி நிமிர்த்தினான். கோடு நீண்டது. பாதித் திரை வரைக்கும் வந்து பச்சையானது. அவள் அப்படியே வைக்கச் சொன்னாள்.

கோடு சட்டென்று சுருங்கியது. உடனே மறுபடி நீண்டது. மறுபடி சுருங்கியது.

"எதுக்குங்க திருப்பறீங்க?"

"நான் தொடவே இல்லியே."

"டிஷ்ஷுக்கு முன்னால நிக்கறீங்களா?"

"பின்னாலதான் நிக்கறேன். முன்னால ஒண்ணும் இல்லியே புள்ள."

ஆனால் கோடு போய்ப் போய் வந்தது. ஜன்னலுக்கு வெளியே யாராவது குறுக்கே நடந்தால் வீட்டுக்குள் வெளிச்சம் மங்கித் தெளியுமே, அதே கணக்கில். வானத்துக்கும் டிஷ்ஷுக்கும் நடுவில் ஏதோ இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. காதைத் தீட்டிக் கேட்டாள். மேலே ஒருவன் காலடிதான் இருந்தது, அதுவும் இப்போது அசையவில்லை. ஜன்னல் வழியாக வாடை மட்டும் வந்தது. நனைந்த மயிர் வாடை. அதற்கடியில், துருப்பிடித்த வாளியை முகர்ந்த மாதிரி ஒன்று.

கோடு சுருங்கியது. திரும்ப நீளவில்லை.

நடந்துகொண்டிருந்தது நின்றுவிட்டது.

"ஏனுங்க, போதும். கீழ வந்துருங்க."

ஸ்பேனர் தளத்தில் விழுந்து உருண்டது. பிறகு ஒரு சத்தம். பச்சைக் கரும்பை முழங்காலில் வைத்து முறிக்கிற சத்தம். இன்னொரு முறை. கூரை அதிர்ந்து சுண்ணாம்பு அவள் தோளில் உதிர்ந்தது. குதிகால்கள் தரையை உதைத்தன. வேகமாக. மெதுவாக. பிறகு இல்லை.



திரையில் கோடு நீண்டது. பச்சையாகிக் கடைசி வரைக்கும் போனது. படம் வந்தது, அத்தனை தெளிவாக.

"செல்வி, வந்துருச்சா?"

உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. வழுக்கி விழுந்திருக்கிறான், அவ்வளவுதான். "வந்துருச்சுங்க" என்று கத்தினாள். கத்தும்போதே அழுகை வந்தது. "இறங்கி வாங்க."

"செல்வி, வந்துருச்சா?"

அதே குரல். அதே ஏற்றம், அதே இறக்கம். முதல் தடவை கேட்டபோது 'செல்வி'க்குப் பிறகு அவன் விட்ட மூச்சுகூட அப்படியே இருந்தது.

ஜன்னல் ஓட்டை வழியாக உள்ளே வரும் ஒயரில் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சுவரோரம் இறங்கி, பாக்ஸின் மேல் சொட்டியது. பாக்ஸ் கெட்டுவிடுமே என்று கை தன்னால் போய்த் துடைத்தது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. விரலோடு விரல் ஒட்டியது.

உள்ளங்கையைப் பார்த்தாள்.

அப்போது வீட்டுக்குப் பின்பக்கம் ஏதோ தொப்பென்று விழுந்தது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். வெளியே இருட்டியிருந்தது; வாசல் லைட்டின் மங்கல் அங்கே கொஞ்சம் எட்டியது. சேற்றில் டேனியல் மல்லாந்து கிடந்தான். கண் திறந்திருந்தது. மூக்கு இருந்தது. மேல்வரிசைப் பல் இருந்தது. அதற்குக் கீழே முகம் இல்லை. தாடையைப் பிடுங்கின இடத்தில் நாக்கு கழுத்தின் மேல் கிடந்து துடித்தது.

அவன் சாகவில்லை. அவளைப் பார்த்தான்.

"செல்வி, வந்துருச்சா?" என்று மாடியிலிருந்து அவன் குரல் கேட்டது.

டேனியலின் வலது கை சேற்றிலிருந்து மெல்ல எழுந்தது. ஆட்காட்டி விரல் நீண்டு, நடுங்கி, உதடு இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு வந்து நின்றது.

பேசாதே.

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். ரத்தம் உதட்டில் உப்புக் கரித்தது. வெளிப்படியில் ஏதோ இறங்கியது. கனமாக, ஒவ்வொரு படியாக. வாசற்கதவுக்கு வந்தது. தாழ்ப்பாள் போட்டிருந்தாளா? நினைவில்லை. திரும்பிப் பார்க்கக் கழுத்து அசையவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் அவன் குரல் கேட்டது.

"செல்வி, வந்துருச்சா?"

அவள் மூச்சுகூட விடவில்லை.

"வந்துருச்சுங்க" என்றது கதவுக்கு அந்தப் பக்கம் அவள் குரல். அதே கத்தல், அதே அழுகை. "இறங்கி வாங்க."

கதவு கிறீச்சிட்டது.

சேற்றில் டேனியலின் கண் அவளை விட்டு நகர்ந்து, அவள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தது. விரல் மட்டும் வாய் இருந்த ஓட்டையின் மேல் இறங்காமல் நின்றது.