ஆணியில் தொங்கிய பெல்ட்

நேற்று மாலை அவன் தன் கையாலேயே இன்ஜினுக்குப் புது பெல்ட் மாட்டிய கார், இன்று காலை கீச்சிட்டது.

மனைவி வேலைக்குக் கிளம்ப ஸ்டார்ட் செய்திருந்தாள். மெக்கானிக்கான அவன் பல் துலக்குவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தான். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது நீளமாக எழும்பி, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க உச்சத்துக்கு ஏறி, கருகிய ரப்பர் வாடையையும் கூட்டிக்கொண்டு ஷெட்டிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தது அந்தச் சத்தம். தேய்ந்த பெல்ட்டின் சத்தம். தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவான்.

சொல்லி என்ன கிழித்தான்? மூன்று மாதத்துக்கு முன் தங்கை இதே சத்தத்தோடு வந்து நின்றாள்.

“அண்ணா, வண்டி ரொம்பக் கத்துது. என்னன்னு பாரேன்.”

பெல்ட்டில் குறுக்கு வெடிப்புகள். ஓரத்தில் பிய்ந்த நூல். எல்லாம் கண்ணில் பட்டது. கழற்றி மாட்டச் சோம்பல். பெல்ட் ஸ்ப்ரேயை எடுத்து அடித்தான், சத்தம் அடங்கியது. “ஒண்ணுமில்ல, போ” என்றான். மலை இறக்கத்தில் பெல்ட் அறுந்து, ஸ்டியரிங் இறுகி, வண்டி வளைவில் திரும்பவே இல்லை. தங்கையின் சாவை எல்லோரும் விதி என்றார்கள். அவனும் தலையாட்டினான், வெட்கங்கெட்டவன். அறுந்த பெல்ட்டை மட்டும் ஷெட் சுவரில் ஆணி அடித்து மாட்டினான், தினமும் பார்த்துச் சாக.

ஷெட்டுக்கு ஓடினான். பானெட்டைத் தூக்கினான்.

புது பெல்ட் இல்லை. வெடிப்பு விழுந்த பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. பிய்ந்த நூல் காற்றில் சுழன்றது. அறுந்த இடத்தை ஏதோ இழுத்துக் கட்டியிருந்தது. கறுப்பாக, நீளமாக.

தலைமுடி.

இறங்குடி என்று கத்த வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. கை மட்டும் போனது. ஸ்ப்ரேயை எடுத்தது. அவன் எடுக்கவில்லை. கை எடுத்தது. அடித்தது.

சத்தம் நின்றது. கை பானெட்டை மூடியது.

மனைவி ஜன்னல் வழியே தலையை நீட்டிச் சிரித்தாள். பன்னிரண்டு வருடமாக ‘ஏங்க’ என்று மட்டுமே கூப்பிட்டவள்.

“நின்னுடுச்சு பாத்தியா? அப்ப நான் போயிட்டு வரேண்ணா.”

கார் வாசலைத் தாண்டியது. அவள் அலுவலகம் இடது பக்கம். கார் வலது பக்கம் திரும்பியது, மலைப்பாதைக்கு.

கால் நகரவில்லை. கழுத்து மட்டும் திரும்பியது.

சுவர் ஆணியில், நேற்று அவன் காரில் மாட்டிய புது பெல்ட் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.