ராஜாவின் மூக்கு

வாங்கிவந்த அன்று ராஜாவுக்கு மூக்கு இல்லை. இப்போது இருந்தது.

செங்குட்டுவன் லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். ராஜாவின் முகம் பொறித்த பாரசீகத்துச் சாசானிய வெள்ளிக்காசு; ஆயிரம் வருடத்துக்கும் மேலாகக் கைமாறிக் கைமாறி மழுங்கியது. காசில் முதலில் தேய்வது மேடுதான்: மூக்கு, கன்னம், புருவம். தேய்ந்த மேடு திரும்ப வளராது. மழைக்கு முந்திய மாலை, ஜன்னல் வழியே மணலி எண்ணெய் ஆலையின் கந்தக வாடை வந்தது. கீழே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்று உறும, ஒவ்வொரு உறுமலுக்கும் மேஜைமேல் காசு மெல்ல அதிர்ந்தது.

கலப்படமோ? ஐஸ் கட்டியை அதன்மேல் வைத்தான். பட்டதும் உருகி ஓடியது. நல்ல வெள்ளிதான்; அதுதான் ஐஸை இத்தனை வேகமாக உருக்கும்.

காசை விற்ற காலித்துக்குப் போன் போட்டான்.

"இன்னா நைனா, தேஞ்ச மூக்கு வளர்றதுக்கு அது இன்னா தலைமுடியா?"

"வளருது காலித்து. நெசமாத்தான்."

"அப்ப கம்முனு வச்சிக்கோ மாமு. இன்னும் வளரட்டும், டபுள் ரேட்டுக்கு நானே வாங்கிக்கிறேன்."

காலித்து சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டான்.

கூடத்திலிருந்து மகள் மதி கூப்பிட்டாள். "அப்பா, மூக்குல கண்ணாடி நிக்கவே மாட்டேங்குது. வழுக்கிகினே கீது."

போய்ச் சரிசெய்தான். மறுபடி வழுக்கியது. மூக்குத்தண்டில் விரலை வைத்தான். தண்டு இல்லை. சோப்புக்கட்டிபோல வழவழப்பு.

"வலிக்குதாடா?"

"இல்லப்பா. குளுருது."

அவன் மனைவி எழில்மொழியிடமிருந்து மகளுக்கு வந்த மூக்கு அது. போன வருடம் அவளைப் புதைத்த பிறகு, அவளுடையதென்று இந்த வீட்டில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

திரும்ப ஓடினான். காசில் இப்போது கன்னமும் எழும்பியிருந்தது. புருவம் ஒவ்வொரு மயிராகத் தெரிந்தது.

இது திருடுகிறது. காசு பழையபடி மழுங்கிவிட்டால் பிள்ளை பழையபடி ஆகிவிடுவாள்.

காசு சேர்ப்பவன் காசில் கீறல்கூட விடமாட்டான். செங்குட்டுவன் அரத்தை எடுத்தான்.

ராவினான். வெள்ளித்தூள் உதிர்ந்தது. மூக்கு போனது. இன்னும் ராவினான். கன்னம். புருவம். உதடு. எல்லாம் தட்டை.

அரத்தை வைத்துவிட்டுக் கூப்பிட்டான்.

"மதி?"

கூடத்துக்குப் போனான்.

"மதிம்மா?"

டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தோளைத் தொட்டான்.

திரும்பினாள்.

மூக்கில்லை. கண்ணில்லை. கூப்பிட வாயில்லை. வழவழவென்ற அந்தத் தட்டையில், குறுக்கும் நெடுக்குமாக, அரம் இழுத்த புதுக் கோடுகள் டியூப்லைட் வெளிச்சத்தில் மின்னின. இரண்டு சின்னக் கைகள் அப்பாவின் முகத்தைத் தேடி மேலே எழுந்தன.