நடு வரிசை மூட்டைகள்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. வாசற்படியில் நிற்கிறவர்களும் உள்ளே வந்து உட்காருங்கள். திருடனைக் கண்டுபிடித்தவளே தலை குனிந்து நின்ற கதை ஒன்று சொல்லப் போகிறேன்.

2012, ஜனவரிக் கடைசி. சனிக்கிழமை காலை எட்டு மணி. கடலூர் முதுநகரில், படம் ஓடி வெகுகாலமான ஒரு சினிமாக் கொட்டகையின் கதவைத் திறந்தார்கள். தானே புயலில் வீடு இழந்தவர்களுக்குப் பங்கிட வேண்டிய சிமெண்ட் மூட்டைகள் அதற்குள்தான் இருந்தன. வாசலிலிருந்து திரைச்சுவர் வரை வரிசை வரிசையாக, தரையிலேயே அடுக்கியிருந்தார்கள். இப்போது நடு வரிசைகளைக் காணவில்லை. முன்னும் பின்னும் மூட்டை, நடுவில் வெறுந்தரை.

நிவாரணக் குழுத் தலைவர் சார்லஸ் முன்னால் வந்தார்.

"பொங்கலுக்கு முந்தி ஒரு ராத்திரி மழை பேஞ்சுதே, அப்ப சாக்கடை எதுத்துக்கிட்டு உள்ள ஏறிடுச்சி. நடு வரிசை நனைஞ்சி கல்லாப் போச்சி. ஆத்துல கொட்டச் சொல்லிட்டேன். எல்லாம் இந்தப் பொன்னியாலதான். திரைப் பக்கத்துச் சின்னக் கதவுக்கு மணல் மூட்டை போடச் சொன்னேன், போடல."

பொன்னி அந்தக் கொட்டகைக்குக் காவல் இருப்பவள். புயலில் அவள் குடிசையும் போயிருந்தது. அவள் பேரும் பட்டியலில் உண்டு. குறைந்த மூட்டைக்கு ஈடாக அவள் பங்கை நிறுத்துவது என்று குழு பேசி முடித்திருந்தது.

சிதம்பரத்திலிருந்து வந்திருந்தாள் சார்லஸின் தங்கை ஜான்சி. பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிற டீச்சர். காணாமல் போன எதையும் துருவிக் கண்டுபிடிப்பாள் என்று ஊரில் பேர்.

"மாடி பூச்சு வேலை முடிஞ்சிதா பாப்பா?" என்று கேட்டார் அண்ணன்.

"உன் புண்ணியத்துல முடிஞ்சிச்சிண்ணே" என்றவள், பொன்னியின் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு ராத்திரி எங்க இருந்த?"

"இங்கத்தான் டீச்சரம்மா."

"முழிச்சிருந்தியா?"

பொன்னி தரையைப் பார்த்தாள். "காய்ச்சலா இருந்திச்சி. தூங்கிட்டேன்."

"ஊரு சொத்தை நம்பி ஒப்படைச்சா, தூங்கிட்டேன்னு சொல்ல வெக்கமா இல்ல?"

"நல்லாக் கேளு டீச்சரு, ராணி மாதிரி தூங்கியிருக்கா!" என்று கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தாள் குழுவில் ஒருத்தியான முத்தம்மாள். பொன்னி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மேல ஒழுகிச்சாண்ணே?" என்று ஜான்சி கேட்டாள்.

"சொட்டு கூட இல்ல. கீழதான் ஏறிச்சி."

"மத்த மூட்டை?"

"முன்னாடியும் பின்னாடியும் நல்லா இருக்கு. அதுவரைக்கும் தப்பிச்சிது."

ஒன்பது மணி. காலியிடத்தைக் கழுவி விடச் சொன்னார்கள். பொன்னி ஒரு வாளித் தண்ணீரை நடுவில் கொட்டினாள். தண்ணீர் அங்கே ஒரு நொடிகூட நிற்கவில்லை. நேரே திரைப் பக்கம் ஓடியது.

"ஐயோ, கடைசி வரிசை நனையுதே! தூக்குங்க, தூக்குங்க!" என்று கத்தினாள் முத்தம்மாள். ஆளாளுக்கு ஓடி மூட்டைகளை இழுத்தார்கள்.

ஜான்சி அசையாமல் நின்றாள். பிறகு கடைசி வரிசை மூட்டை ஒன்றின் அடியை அழுத்திப் பார்த்தாள். இப்போது பட்ட ஈரத்துக்கு உள்ளே, மாவு போல மெத்தென்று இருந்தது. நடுத்தரையைக் காலால் தேய்த்தாள். வெறும் தூசு, இறுகிய சிமெண்டின் பொருக்கு ஒன்றுகூட ஒட்டியிருக்கவில்லை. இன்னொரு வாளி வாங்கி வாசலருகே கொட்டினாள். அதுவும் எங்கும் தேங்காமல், ஒரே சீராகத் திரைச்சுவர் வரை போய்த்தான் நின்றது.

அண்ணனை மட்டும் திரைச்சுவர் ஓரம் கூப்பிட்டாள்.

"இது கொட்டகைண்ணே. பின்னாடி ஒக்காந்தவனுக்கும் படம் தெரியணும்னு தரையைச் சரிவா போட்டிருக்காங்க. மேடு பள்ளம் இல்லாம, நேர்கோடா எறங்குது. தண்ணி நின்னா ஜாஸ்தி ஆழம் இந்த முனையில, கம்மி ஆழம் வாசல் முனையில. நடுவுக்கு ரெண்டுமே வராது. நடு வரிசை நனைஞ்சிருந்தா, கடைசி வரிசை அதுக்கு முன்னாடியே கல்லாயிருக்கணும். அன்னைக்குத் தண்ணியே வரலண்ணே."

சார்லஸ் சின்னக் கதவைப் பார்த்தார்.

"ஏன் நடுவுல எடுத்த?"

"முன் வரிசை வாசல்ல நின்னாத் தெரியும். கடைசி வரிசை சின்னக் கதவைத் தொறந்தாத் தெரியும். நடுவை யாரு பாக்கப் போறா?"

"எங்க வித்த?"

"விக்கல பாப்பா." அவர் குரல் இறங்கியது. "உன் மாடிக்குத்தான் அனுப்பினேன். நீதானே வேலை பாதியில நிக்குதுன்னு அழுத."

என் அண்ணன் வாங்கி அனுப்பியது என்று ஜான்சி கொத்தனாரிடம் பெருமை பேசியிருந்தாள். மூடிய இடைவெளியில் நேரியல் சார்பின் பெரும மதிப்பும் சிறும மதிப்பும் முனைகளில்தான் வரும், நடுவில் வராது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறவள், காலையில் அண்ணன் சொன்னதை அப்படியே விழுங்கினாள். ஏழை ஒருத்தி தூங்கினேன் என்றதும் வேறு கேள்வியே அவளுக்குத் தோன்றவில்லை.

"வெளிய சொல்லாத பாப்பா. நம்ம மானம்."

அவள் கூட்டத்துக்கு நடுவே போய் நின்றாள்.

"பொன்னியக்கா மேல ஒரு தப்பும் இல்ல. தண்ணியே வரல. மூட்டையை எடுத்தது எங்கண்ணன். பூசினது என் வீட்டு மாடி."

சார்லஸ் சாவியை முத்தம்மாள் கையில் வைத்துவிட்டுச் சின்னக் கதவு வழியாகப் போனார்.

ஜான்சி கைகூப்பினாள். கண் நிறைந்து வழிந்தது.

"அழுவாதீங்க. நீங்க அழுதா என் செவுரு ஏறாது" என்றாள் பொன்னி. "மூட்டை எப்ப வரும்?"

"திங்கக்கெழம..."

"இன்னைக்கு."

மாலை ஆறு மணிக்கு மினி லாரி வந்தது. புது மூட்டைகளோடு ஜான்சியும் ஏறி வந்திருந்தாள். தெரு முழுக்க நின்று பார்த்தது. ஒருவரும் கை கொடுக்கவில்லை. அவளே ஒரு மூட்டையை விளிம்பு வரை இழுத்தாள். அதற்கு மேல் முடியவில்லை. முகமெல்லாம் சிமெண்டும் கண்ணீரும்.

பொன்னி வந்து மூட்டையின் மறுமுனையைப் பிடித்தாள். டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை.

"குனிஞ்சி புடிங்க டீச்சரம்மா. இப்படித் தூக்கினா இடுப்பு புடிச்சிக்கும்."

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டுச் சுவர் ஒவ்வொன்றும் உங்கள் சொந்த வேர்வையில் எழும்பட்டும். எந்தப் புயலும் உங்கள் கூரையைத் தொடாமல் போகட்டும். உங்கள் பிள்ளைகள் எவர் எதிரிலும் நிமிர்ந்து நிற்க, அடுப்பும் விளக்கும் அணையாமல், குடும்பத்தோடு நன்றாக இருங்கள்.