அவளுக்குப் பதில் சொன்ன குரல்

அத்-பாஷி கிராமத்திலிருந்து கிளம்பிய வேன் நாரின் நகரக் கடைவீதியில் கனிஷாயை இறக்கிவிட்டபோது தெருமேல் நிலக்கரிப் புகை படிந்து கிடந்தது. பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம் அந்தப் புகைக்குள் பாதிதான் தெரிந்தது. அவள் பையில் மருத்துவமனைச் சான்றிதழும், அம்மா பொரித்துக் கொடுத்த பூர்சோக் பலகாரமும் இருந்தன.

இலையுதிர் காலத்தில் ஊருக்குப் போனவள். மந்தையிலிருந்து ஒட்டிக்கொண்ட காய்ச்சல் குளிர்காலம் முழுக்கப் படுக்கையில் போட்டுவிட்டது. அப்போதே முறைப்படி விடுப்பு கேட்டிருக்கலாம். கேட்டால், அரசாங்கம் கட்டணம் கட்டிப் படிக்க வைக்கும் இடம் கைநழுவிப் போய்விடுமோ என்று பயந்தாள். அதனால் எல்லாரும் செய்வதையே அவளும் செய்தாள்.

"ஒரு வாரத்துல வந்துடுவேன். பேரு கூப்பிட்டா எனக்கும் நீயே சொல்லிடு" என்று வகுப்புத் தலைவி ஊல்ஜானிடம் சொல்லிவிட்டுப் போனாள். அங்கே யாரும் இதைப் பொய்யாக நினைப்பதில்லை. வராத நண்பனுக்காகக் குரல் கொடுக்காதவனைத்தான் மோசமானவன் என்பார்கள்.

ஒரு வாரம் மாதக்கணக்கில் நீண்டுவிட்டது. இத்தனை நாள் வராதவளை நீக்கிவிடுவார்கள், விதி அப்படி. சான்றிதழைக் காட்டிக் கெஞ்சினால் விடுப்பாக மாற்றித் தரக்கூடும். அந்த ஒரு நம்பிக்கையில் அவள் படியேறினாள். நீக்கிவிட்டால் அவளுக்கு மறுபடி படிப்பு கிடையாது.

கல்வி அலுவலகத்தில், அக்காவை அழைப்பதுபோல எல்லாரும் எஜே என்றழைக்கும் பாத்மா தேநீரில் ஜாமைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"விடுப்பா? எதுக்குடி உனக்கு?"

"உடம்பு சரியில்லாம ஊர்ல இருந்தேன், எஜே. வகுப்புக்கே வரல."

"காலங்காத்தால விளையாடாத. ஒருநாள்கூட மட்டம் போடாதவ நீ. பரீட்சையும் ஒழுங்கா எழுதிட்ட. உன்னை மாதிரி நாலு பேரு இருந்தா நான் நிம்மதியா டீ குடிப்பேன்."

"நான் எழுதல, எஜே."

கரண்டி நின்றது.

"அப்ப யாரு எழுதினா? ஆள் மாறாட்டமா? உன் வாயால சொல்லு, இப்பவே நீக்கிடறேன்."

கனிஷாய் நீட்ட வந்த சான்றிதழைக் கைக்குள் மடித்துக்கொண்டாள்.

"கிறுக்கு பிடிச்சா கீழ உதவி மையத்துக்குப் போ. அதுக்குத்தான் அவங்களுக்குச் சம்பளம். கதவைச் சாத்திட்டுப் போ, குளிருது."

மாணவர் உதவி மையம் தரைத்தளத்தில், விளக்கு எரியாத நடையின் கடைசியில் இருந்தது. ஆலோசகர் குலீரா இவளைப் பார்த்ததும் சிரித்தாள்.

"என்ன, எதையாவது மறந்து வச்சிட்டுப் போயிட்டியா?"

"நான் இங்க வர்றது இதுதான் முதல் தடவை, எஜே."

குலீராவின் சிரிப்பு மெல்ல வடிந்தது.

எதிரே இருந்த நாற்காலியின் மெத்தை இன்னும் அழுந்தியே இருந்தது. அதன் கீழே பனி உருகித் தேங்கியிருந்தது. ஈரக் கம்பளியின் நாற்றம். அதற்கும் அடியில் இன்னொரு நாற்றம். குளிரில் செத்து விறைத்த ஆட்டை அடுப்பருகே போட்டால் கிளம்புமே, அது.

"நீ வருவேன்னு அவ சொன்னா." குலீராவின் குரல் தாழ்ந்தது. "என் மூஞ்சியோட ஒருத்தி வருவா, கையில சான்றிதழ் வச்சிருப்பா, என் இடத்தைக் கேப்பான்னு. வாரா வாரம் இங்க உக்காந்து அழுதா. பாவம், நான்தான் நம்பல."

"எஜே, நான்தான் கனிஷாய்."

"இதையும் சொல்லுவேன்னு சொன்னா."

மேசையிலிருந்த தொலைபேசியை நோக்கிக் குலீராவின் கை நகர்ந்தது.

"பாதுகாப்பு வேணும்னு மனு கொடுத்திருக்கா. விதிப்படி நான் காவலாளியைக் கூப்பிடணும். நீயா போயிடு."

கனிஷாய் நடைக்கு ஓடி வந்தாள். மாடிப்படி முனையில் ஊல்ஜான் நின்றிருந்தாள். இவளைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"கிட்ட வராத."

"ஊல், நான்தான்டி."

"எந்த நீ?"

கனிஷாய் கையுறையைக் கழற்றி அவள் கன்னத்தில் கையை வைத்தாள். கை சூடாக இருந்தது. ஊல்ஜான் உடைந்து அழுதாள். அழுகை நின்றதும் கோபம் வந்தது.

"முதல் வாரம் நான்தான் உனக்காகச் சொன்னேன். அப்புறம் எனக்குத் தொண்டை கட்டிடுச்சு. உன் பேரைக் கூப்பிட்டப்ப சும்மா இருந்தேன். பின்னாலேர்ந்து 'இருக்கேன்'னு கேட்டுது. உன் குரல்."

"திரும்பிப் பாக்கலையா?"

"பாத்தேன். நீ கடைசி பெஞ்சுல உக்காந்திருந்த. வந்துட்டியேன்னு சந்தோஷப்பட்டேன். போட்டிருந்த கம்பளிக் கோட்டைக் கழட்டவே இல்ல. விடுதியில அது உன் கட்டில்லதான் படுத்துக்குது. மூச்சு விடற சத்தம் மட்டும் வராது."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"என்னன்னு சொல்ல? இல்லாதவளை இருக்கான்னு சொன்னேன்னா? ரெண்டு பேரையும் நீக்குவாங்க. எல்லாம் உன்னாலதான். அப்படியே தொலைஞ்சு போயிருக்கலாம்ல? அது உன்னைவிட நல்லா படிக்குது."

மணி அடித்தது.

"ஊல், அது எப்ப பதில் சொல்லும்?"

ஊல்ஜான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யாரும் சொல்லாம இருந்தாதான். கொஞ்சம் காத்திருக்கும்."

வகுப்பறை குளிரில் விறைத்திருந்தது. எல்லார் வாயிலும் ஆவி. கனிஷாய் முன் பெஞ்சில் ஊல்ஜானை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பின்னால் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை; அந்த நாற்றம் வரிசை வரிசையாக முன்னால் வந்துகொண்டிருந்தது.

மாணவர்கள் மரியாதையாக அகாய் என்றழைக்கும் வேதியியல் பேராசிரியர் ஷார்ஷென் பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினார். யார் முகத்தையும் பார்க்காமல் குரலுக்கு மட்டும் குறி போடுவது அவர் வழக்கம்.

"கனிஷாய்."

அவள் ஊல்ஜானைப் பார்த்தாள்.

பின்னால் கம்பளி உரசியது.

யாரோ எழுவதற்காக முன்னால் சாய்கிறார்கள்.

பிடரியில் குளிர் பட்டது.

"இருக்கேன்!"

கத்தியது கனிஷாய்தான். அறை முழுக்க அவளைப் பார்த்தது.

"நான் செவிடு இல்லம்மா" என்றார் அகாய். குறி போட்டார்.

பின்னால் சத்தமில்லை. நாற்றம்கூட விலகியது. இடம் மறுபடி அவளுடையது. விடுப்பு வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். கனிஷாய் அழாமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பெக்தூர்."

யாரும் பதில் சொல்லவில்லை.

ஊல்ஜானின் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கின.

"அவன் நேத்தே ஊருக்குப் போயிட்டான். அவங்கப்பா செத்துட்டாரு" என்று கிசுகிசுத்தாள். "சொல்லு. வரலைன்னு அகாய்கிட்ட சொல்லு."

"நீ சொல்லேன்."

"எனக்கு வாய் வரலடி."

எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். வரவில்லை என்று குறி போட்டுவிடுவார்; அந்த இடத்தில் எதுவும் உட்கார முடியாது. அப்புறம் அது எங்கே போகும்? யார் இடம் அதற்கு ஏற்கெனவே பழக்கம்?

கனிஷாய் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

கடைசி பெஞ்சிலிருந்து கரகரத்த ஆண்குரல் வந்தது.

"இருக்கேன்."

அகாய் குறி போட்டார்.

பக்கத்து வரிசைப் பையன் பின்பக்கம் திரும்பினான். அவன் முகம் மலர்ந்தது.

"டேய் பெக்தூர், எப்படா வந்த?"

கனிஷாய் குனிந்து, கரும்பலகையில் இருந்ததை எழுதிக்கொள்ளத் தொடங்கினாள்.